பிள்ளையின் மனநோவும் பெற்றோரின் வழிநடையும்

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் என்ன செய்யவேண்டும் என்பது இந்நாட்டிலே எந்தத் தாய்க்கும் தெரியும். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். கொத்தமல்லி அவித்துக் கொடுப்பாள். இரண்டாம் நாளும் தணியாவிடின் பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு வைத்தியசாலைக்குப் புறப்படுவாள். வழியிற் கண்டவர்கள் "பிள்ளைக்கு என்ன?" என்று கேட்பர், அவளும் ஒளிக்காமற் சொல்லுவாள். அயல்வீட்டார் கஞ்சி கொண்டுவந்து கொடுப்பர். பாடசாலைக்குக் கடிதம் போகும். ஆசிரியரும் அநுதாபத்தோடு ஏற்றுக்கொள்வார். நோய் ஒன்று, அதற்கு வழி ஒன்று, அவ்வழியிலே துணை பல.

அதே பிள்ளை உறக்கமின்றி இரவெல்லாம் விழித்திருந்தால்? காலையிலே பாடசாலை என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால்? நேற்றுவரை ஓடியாடித் திரிந்தவள் இன்று மூலையிலே முகங்கவிழ்த்து இருந்தால்? மூன்று வயதாகியும் தாயின் குரலுக்குத் திரும்பிப் பாராதிருந்தால்? இந்த நோவுக்கு எந்தக் கதவைத் தட்டுவது? யாரிடம் சொல்வது? எந்தச் சொல்லாற் சொல்வது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காணாது அலையும் குடும்பங்களைக் குறித்தே இவ்வாரம் நான் எழுத முற்படுகின்றேன். இலக்கியப் பகுதியிலே வைத்தியத்துக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் வினவலாம். மூன்றாவது வினா சொல்லைப் பற்றியது. சொல்லைப் பற்றியது எதுவோ அது எம்மையும் பற்றியதே.

இது எங்கோ ஒரு வீட்டிலே நேரும் அபூர்வ சங்கதி அன்று. 10 வயதுக்கும் 19 வயதுக்கும் இடைப்பட்டோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றோடு வாழ்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அது உலகம் முழுவதற்குமான கணக்கு; ஊருக்கு ஊர் கூடலாம், குறையலாம். ஆயினும், 35 மாணாக்கர் உள்ள வகுப்பறையினுள் ஆசிரியர் ஒருவர் புகும்போது, அக்கணக்கின்படி ஐந்து பிள்ளைகள் இந்நோவோடு அவர்முன் அமர்ந்திருக்கின்றனர். அவ்வைவரையும் அவர் அறிவாரா என்பதே கேள்வி.

முதலாவது தடை அறியாமை என்று சொல்வது வழக்கம். எம்மவர் பிள்ளை வளர்ச்சியை நோக்காது இருந்தவர் என்று எவரேனும் கூறின் அதனை நான் ஒப்பேன். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தின் பருவங்களை எண்ணிப் பாருங்கள். செங்கீரை, சப்பாணி, வாரானை என்று, பிள்ளை தலையெடுத்து ஆடும் காலமும் கைகொட்டும் காலமும் அடியெடுத்து நடந்துவரும் காலமும் முறையே வகுக்கப்பட்டுள்ளன. அம்புலிப் பருவத்தைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். ஒன்றரை வயதை அண்மிய பிள்ளைக்குத் தாய் வானத்து நிலவைச் சுட்டிக் காட்டுகின்றாள். பிள்ளை அவளுடைய விரலைப் பார்த்து நின்றுவிடாமல், விரல் காட்டும் நிலவை நோக்குகின்றது. பின்பு தானும் விரல் நீட்டி அவளுக்கு ஒன்றைக் காட்டுகின்றது. ஓட்டிசம் என்று இன்று வழங்கும் நிலை ஒரு பிள்ளையிடம் உளதோ என ஆராயும் வைத்தியர், அவ்வயதிலே முதலில் தேடும் குறிகளுள் இதுவும் ஒன்றாகும். லியோ கானர் என்னும் வைத்தியர் 1943 ஆம் ஆண்டிலே அந்நிலையை விவரித்து எழுதினார். நிலவு காட்டிச் சோறூட்டிய தாய்மாரின் கண்ணோ அதற்குப் பன்னூறு ஆண்டுகள் முந்தியது.

ஆகவே, காணும் கண் எமக்கு இல்லாமற் போகவில்லை. கண்டதை இன்னதென்று கொள்ளும் பழக்கமே இல்லை. பிள்ளை பிறந்ததும் எமது நாட்டிலே ஒரு சுகாதார வளர்ச்சிப் பதிவேடு கொடுக்கப்படுகின்றது. அதிலே நிறைக்கோடு உண்டு. எந்த மாதத்திற் பிள்ளை என்ன செய்யும் என்னும் குறிப்புக்களும் உண்டு. நிறைக்கோடு சற்றுச் சரிந்தாலும் தாய் பதறுகின்றாள். மருத்துவமாதுவும் வீடு தேடி வருகின்றார். மற்றக் குறிப்புக்களை அத்துணை அக்கறையோடு புரட்டுவோர் குறைவு. "ஆண் பிள்ளைகள் பிந்தித்தான் பேசும்", "இவனுடைய தகப்பனும் இப்படித்தான் இருந்தவர்" என்ற ஆறுதல் மொழிகளோடு இரண்டு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அவ்விரண்டு ஆண்டுகளே பயிற்சியாற் பெரும்பயன் விளையக்கூடிய ஆண்டுகள் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

பாடசாலையிலே நிகழ்வது இதனிலும் விசித்திரமானது. ஓரிடத்தில் இருக்கமாட்டாது, சொன்னதைக் கேளாது, அயற்பிள்ளையைச் சீண்டிக்கொண்டிருக்கும் பையனுக்குக் 'குழப்படிக்காரன்' என்று பெயர். கவனம் நிலைகொள்ளாமையும் மிகையான துடிப்பும் ஒரு பிள்ளையிடம் நோயாகவே அமையக்கூடும் என்பது எண்ணப்படுவதில்லை. 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழி அவனுக்கு மருந்தாகின்றது. மாட்டுக்குச் சொன்னதை மனிதப் பிள்ளைக்கு எடுத்து வைத்தவர் யாரோ, நான் அறியேன். அதே வகுப்பின் பின்வாங்கிலே ஒரு சிறுமி இருக்கின்றாள். அவள் பேசுவதில்லை, சிரிப்பதில்லை, இடைவேளையிலும் எழுந்து போவதில்லை. அவளுக்கு 'அடக்கமான பிள்ளை' என்று பாராட்டு. குழப்படிக்காரனை அடிக்கின்றோம், அடக்கமானவளைப் புகழ்கின்றோம், இருவருடைய நோவையும் தவறவிடுகின்றோம். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையும் அதற்கென மாலைதோறும் நிகழும் ரியூசனும் இவ்விருவரையும் மேலும் நெருக்குகின்றன. புள்ளி குறைந்தபோது மட்டுமே பெற்றோர் அழைக்கப்படுகின்றனர். அப்போதும் பேச்சு புள்ளியைப் பற்றியதேயன்றிப் பிள்ளையைப் பற்றியதாக இருப்பதில்லை.

இரண்டாவது தடை நாணம். 'விசர்' என்னும் ஒரு சொல்லுக்குள் மனத்தின் அத்தனை நோவையும் நாம் அடைத்து வைத்திருக்கின்றோம். கொழும்புக்கு அண்மையிலுள்ள அங்கொடை என்னும் ஊர்ப்பெயர் அங்கிருந்த வைத்தியசாலை காரணமாக வசைச்சொல்லாயிற்று. 2008 ஆம் ஆண்டிலே அவ்வைத்தியசாலை தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் பெற்ற பின்பும் வசை மாறவில்லை. வடபுலத்திலே மந்திகை என்னும் ஊர்ப்பெயருக்கும் இக்கதியே நேர்ந்தது. இந்த நாணத்துக்கு நீண்ட வரலாறும் உண்டு. 1873 ஆம் ஆண்டிலே குடியேற்ற ஆட்சியினர் இயற்றிய கட்டளைச்சட்டம், மனநோயாளரை நீதிமன்றத்தின் ஆணைக்கும் அடைத்துவைக்கும் மதிலுக்கும் உரியவராகவே கண்டது. தற்கொலைக்கு முயன்று உயிர் தப்பியவரைக் குற்றவாளியாகக் கொள்ளும் சட்டவிதி 1998 ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது. சட்டம் மாறியது. ஊர்வாய் அத்துணை விரைவில் மாறுவதில்லை.

ஆகவே, பிள்ளையை மனநல வைத்தியரிடம் கொண்டுசெல்லப் புறப்படும் குடும்பம் பிள்ளை ஒன்றைப் பற்றி மாத்திரம் எண்ணுவதில்லை. மூத்த மகளின் கலியாணப் பேச்சு முறிந்துவிடுமோ என்று எண்ணுகின்றது. பஸ் நிலையத்திலே யாரேனும் காண்பரோ என்று எண்ணுகின்றது. 'வளர்ப்புப் பிழை' என்று மாமியார் சொல்வாரே என்று தாய் எண்ணுகின்றாள். பழி பெரும்பாலும் அவள் தலையிலேயே விழுகின்றது. இதில் எம்மூர் மாமியாரை மட்டும் நோவதற்கில்லை. 1950களிலும் 1960களிலும் மேலைத்தேயத்து நிபுணர் சிலரும், தாயின் அன்பின்மையே ஓட்டிசத்துக்குக் காரணம் என்று நூல்கள் எழுதினர். பின்வந்த ஆராய்ச்சிகள் அக்கொள்கையைத் தள்ளிவிட்டன. அதற்கிடையில் எத்தனையோ தாய்மார் செய்யாத குற்றத்துக்குக் கண்ணீர் விட்டனர். எமது ஊர்களிலே அக்கண்ணீர் இன்னும் காயவில்லை.

நாணம் மிகுந்த குடும்பம் முதலில் எங்கே போகின்றது? வைத்தியரிடம் அன்று. நாவூறு கழிக்கின்றது, நூல் கட்டுகின்றது, சந்நிதியிலும் மடுவிலும் நேர்த்தி வைக்கின்றது, பள்ளிவாசலில் ஓதித் தண்ணீர் வாங்குகின்றது. இதனை எள்ளி நகையாட நான் ஒருப்படேன். நட்ட நடுநிசியிலே அழும் பிள்ளையை ஏந்தி நிற்கும் தாய்க்கு அவ்வேளையில் வேறு எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை. கோயிற் கதவு கட்டணம் கேட்பதில்லை. எண் எழுதிய துண்டு கொடுத்து வரிசையில் நிறுத்துவதில்லை. அவள் தன் மொழியிலே அழலாம். வைத்தியசாலை கோயிலிடமிருந்து கற்கவேண்டியவை இவையே. துன்பம் யாதெனின், கழிப்புக் கழிப்போருட் சிலர் "வைத்தியரிடம் காட்டினால் என் வேலை பலிக்காது" என்று தடுத்துவிடுதலே. நேர்த்தியும் நடக்கட்டும், வைத்தியமும் நடக்கட்டும் என்று சொல்லும் பூசகரும் குருவானவரும் மௌலவியும் செய்யும் உதவி மிகப் பெரிது. அவர்களுடைய ஒரு சொல், அரசாங்கத்தின் ஆயிரம் சுவரொட்டிகளுக்குச் சமம்.

மூன்றாவது தடை தூரம். நியாயத்தைச் சொல்லவேண்டும், இந்நாட்டிலே அரசாங்க வைத்தியம் இலவசமானது. 2005 ஆம் ஆண்டின் மனநலக் கொள்கைக்குப் பின்னர், அங்கொடையைச் சுற்றியே நின்ற உளமருத்துவ சேவை மாவட்டங்களுக்குப் பரவியது. அதனால் விளைந்த நன்மை மிகுதி. எனினும் அந்நன்மை பெரும்பாலும் வளர்ந்தோரையே சென்றடைந்தது. பிள்ளைகளின் மனநோவுக்கெனத் தனிப் பயிற்சி பெற்ற நிபுணர் மிகச் சிலர். அவருட் பெரும்பாலோர் பெருநகரங்களிலேயே உளர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் நாட்டைவிட்டுச் சென்றமை நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

முல்லைத்தீவு மாவட்டத்திலே கூலித்தொழில் செய்யும் ஒரு தந்தையை எண்ணிக்கொள்வோம். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை அவருக்கு 100 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. விடியுமுன் புறப்பட்டு, இரண்டு பஸ் ஏறி, கிளினிக்கில் எண் பெற்று, நண்பகலில் வைத்தியரைக் காண்கின்றார். வைத்தியர் நல்லவர், ஆனால் வெளியே அறுபது பேர் காத்திருக்கின்றனர். பேச்சுச் சிகிச்சைக்கு வேறொரு நாள், செவிப் பரிசோதனைக்கு மற்றொரு நாள், தொழில்வழிச் சிகிச்சைக்கு இன்னொரு நாள் என்று துண்டு எழுதிக் கொடுக்கப்படுகின்றது. மேல் ஆலோசனைக்குக் கொழும்பிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போகும்படி சொல்லப்படின், போக ஓர் இரவு, வர ஓர் இரவு. இரைச்சலும் வெளிச்சமும் பொறுக்கமாட்டாத ஒரு பிள்ளையை இரவு பஸ்ஸிலே மடியில் வைத்துக்கொண்டு போவது எத்தகைய வேதனை என்பதைப் பட்டவரே அறிவர். ஒவ்வொரு பயணமும் நாட்கூலியை விழுங்குகின்றது. மூன்று பயணங்களின் பின் அவர் வராது விடுகின்றார். அவருடைய பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதப்படுகின்றது. ஏன் வரவில்லை என்பதை எழுதுவதற்கு அப்புத்தகத்திலே நிரல் இல்லை.

நெடுந்தீவுத் தாய்க்கோ பஸ்ஸுக்கு முன் படகுப் பயணம் உண்டு. கடல் கொந்தளித்தால் அந்த நாளும் இல்லை. மலையகத்து லயன் அறையிலே வாழும் தாய்க்கு, வைத்தியசாலைக்குப் போன நாள் கொழுந்துக்கணக்கிலே பேர் இல்லாத நாள். வெளிநாட்டிலே வீட்டுப்பணிக்குச் சென்ற தாயின் பிள்ளையை வளர்க்கும் பாட்டிக்கு, எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்திடுவது என்பதே பெருங்கேள்வி. இவர்கள் எல்லோரும் பிள்ளைமேல் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். அக்கறையை இத்தனை கிலோமீற்றரால் அளக்கச் செய்த ஏற்பாடே பிழையானது.

இனி, நான் தலையாயதென்று கருதும் தடைக்கு வருகின்றேன். அது மொழி. எலும்பு முறிந்த பிள்ளைக்கு வைத்தியர் எம்மொழியிற் பேசினும் எலும்பு பொருந்தும். மனநோவுக்கோ பேச்சே பரிசோதனை. பேச்சே மருந்திற் பாதி. தமிழ் மாத்திரமே அறிந்த ஒரு சிறுவன், தமிழ் அறியாத நிபுணர் ஒருவர் முன் அமர்த்தப்படுகின்றான். இடையிலே மொழிபெயர்க்க ஆள் இல்லை. சிற்றூழியர் ஒருவர் கையிலிருந்த வேலையைவிட்டு வந்து இரண்டு வார்த்தை சொல்கின்றார். அல்லது தந்தையே மொழிபெயர்க்கின்றார். அச்சிறுவனின் அச்சத்துக்குக் காரணம் தந்தையின் குடியாகவோ கைப்பிரம்பாகவோ இருப்பின், அதனை அவன் தந்தையின் வாயினூடாகச் சொல்ல முடியுமா? அவன் வாய் திறவாமல் இருக்கின்றான். 'பிள்ளை ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்பு எழுதப்படுகின்றது.

மொழிபெயர்ப்பாளர் இருந்தும் பொருள் தவறும் இடங்கள் உண்டு. யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி, "பிள்ளை சரியாய் யோசிக்கிறாள்" என்பாள். மகள் நன்றாகச் சிந்திக்கின்றாள் என்பது அதன் பொருளன்று. தீராக் கவலையில் ஆழ்ந்திருக்கின்றாள் என்பதே பொருள். "நெஞ்சுக்குள்ளே அடைக்குது", "தலை விறைக்குது", "ஈரக்குலை நடுங்குது" என்று எம்மவர் உடம்பின்மேல் ஏற்றிச் சொல்வன யாவும் மனத்தின் செய்திகள். இவற்றை உணர்ந்து கேட்கும் செவி வேண்டும். 1987 ஆம் ஆண்டிலே அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வரிப் படிவத்தைத் தமிழிலே பெறும் உரிமையைப் பற்றிப் பேசுகின்றோம். ஒரு பிள்ளை தன் பயத்தைத் தமிழிலே சொல்லும் உரிமையைப் பற்றியும் பேசவேண்டாமா?

இவ்விடத்திலே எமது சொந்த வரலாறு எமக்கு ஊக்கம் தருகின்றது. 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்களைத் தம் மாணாக்கரின் துணையோடு தமிழிலே ஆக்கி வெளியிட்டார். எலும்புக்கும் நரம்புக்கும் நூறாண்டுகளுக்கு முன்பே தமிழிற் சொல் கண்ட மண் இது. மனத்தின் நோவுக்கும் சொல் காணும் பணி எம்மிடையே நிகழாமல் இல்லை. பதகளிப்பு, நெருக்கீடு, உளவளத்துணை ஆகிய சொற்கள் இந்நாட்டுத் தமிழிலே வேரூன்றியுள்ளன. போர்க்காலத்திலே வடபுலத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க உளமருத்துவரே இருந்தனர். அவருள் ஒருவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியருமான தயா சோமசுந்தரம், போர் எம் மக்களின் மனத்திலே விட்ட வடுக்களைப் பற்றி 1998 ஆம் ஆண்டிலே ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அவரும் அவரோடு உழைத்தோரும் அவ்வறிவைத் தமிழிலும் கொண்டுவர முயன்றனர். அம்முயற்சி வைத்தியரோடு நின்றுவிடாது, வகுப்பறைக்கும் வீட்டுக்கும் வரவேண்டும்.

போரைக் குறிப்பிட்டேன். அதனை விட்டு இப்பொருளைப் பேச இயலாது. 1990 இன் வெளியேற்றத்தையும், 1995 இன் பேரிடப்பெயர்வையும், 2004 டிசம்பரின் கடற்கோளையும், 2009 மே மாதம்வரை வன்னியில் நிகழ்ந்தவற்றையும் சிறுவராய் இருந்து கண்டவர் பலர் இன்று பெற்றோராயுள்ளனர். தம் நோவுக்கே மருந்து காணாதவர், பிள்ளையின் நோவை எவ்வாறு கண்டுகொள்வர்? வெடிச்சத்தம் கேட்டால் நடுங்கும் தாயின் மடியிலே வளரும் பிள்ளையும் நடுங்கக் கற்றுக்கொள்கின்றது. ஆகவே பிள்ளைக்கான வைத்தியம் பிள்ளையோடு நில்லாது குடும்பத்தையும் தழுவ வேண்டியதாகும்.

வழி இல்லாமல் இல்லை. 1996 ஆம் ஆண்டு, போர் நடந்துகொண்டிருந்தபோதே, மட்டக்களப்பிலே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்னும் ஓரிடம் தொடங்கப்பட்டது. தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கே அழைத்து வரப்பட்டனர். களிமண் பிசைந்தனர்; சித்திரம் வரைந்தனர்; கதை சொன்னார்கள்; கதை கேட்டார்கள். 'நோயாளி' என்ற பெயர் எவருக்கும் சூட்டப்படவில்லை. பிள்ளைகளைத் தேடி வாகனம் போயிற்று. பிள்ளைகள் வாகனம் தேடி அலையவில்லை. இந்த ஒரு வேறுபாட்டிலே பெரும் பாடம் அடங்கியிருக்கின்றது.

"எங்கள் காலத்திலே இவையெல்லாம் இருந்தனவா? நாங்கள் வளரவில்லையா?" என்று கேட்கும் முதியோர் உளர். வளர்ந்தவர்கள் கேட்கும் கேள்வி அது. படிப்பு ஏறாதவன் என்று எட்டு வயதிலே மாடு மேய்க்க அனுப்பப்பட்டவனும், பின்னறையிலே பூட்டி வைக்கப்பட்ட பிள்ளையும், கிணற்றடியிலே முடிந்த கன்னியும் அக்கேள்வியைக் கேட்க வரவில்லை. அவர்களை ஊர் எண்ணவில்லை, அவ்வளவே.

"ஏழை நாட்டால் இதற்கெல்லாம் முடியுமா?" என்பார்க்கும் ஒரு விடை உண்டு. 1995 ஆம் ஆண்டிலே எமது நாட்டின் தற்கொலை வீதம் ஓரிலட்சம் பேருக்கு 47 அளவில், உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிகொல்லி மருந்துகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அது பாதிக்கும் கீழே இறங்கியது. அதற்குக் கோடி கோடியாகப் பணம் கொட்டப்படவில்லை. உயிர் காக்கத்தக்கது என்று துணிந்தமையும், எங்கே கைவைத்தாற் காக்கலாம் என்று ஆராய்ந்தமையுமே அதனைச் செய்தன. பிள்ளைகளின் மனநலத்திலும் அவ்வாறு கைவைக்கத்தக்க இடங்கள் உள்ளன.

அரசாங்கம் செய்யத்தக்கவை இவை. தமிழ் பேசும் மாவட்டங்களின் ஆதார வைத்தியசாலைதோறும், பிள்ளைகளின் மனநலத்துக்கென நாள் குறித்த கிளினிக் ஒன்று வேண்டும். வைத்தியரும் பேச்சுச் சிகிச்சையாளரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் அன்றே ஓரிடத்திற் கூடவேண்டும்; மூன்று பயணம் ஒன்றாகும். பஸ் வந்து சேரும் நேரத்தையும் படகு திரும்பும் நேரத்தையும் அறிந்து அக்கிளினிக்கின் நேரம் வகுக்கப்படவேண்டும். தலைநகரின் சிறுவர் வைத்தியசாலையிலே, பயிற்சி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் நிரந்தரமாக இருத்தல் வேண்டும். உறவினரைக்கொண்டு பிள்ளையின் மனத்தை மொழிபெயர்ப்பிக்கும் வழக்கம் ஒழியவேண்டும். வைத்தியர் இடமாற்றம் பெறும்போது பிள்ளையின் வரலாறு அடுத்தவர் கையிலே முறையாக ஒப்படைக்கப்படவேண்டும். ஒரே துயரத்தை ஒவ்வோராண்டும் முதலிலிருந்து சொல்லும் தண்டனை எந்தத் தாய்க்கும் வேண்டாம்.

கல்விப் பகுதியார் செய்யத்தக்கவையும் உள. உளவளத்துணை என்பது பாடவேளை குறைந்த ஆசிரியருக்கு மேலதிகமாகக் கொடுக்கும் கடமையாக இருத்தல் ஆகாது. அதற்குப் பயின்றவர் வேண்டும். கதவு சாத்திப் பேசத்தக்க ஓர் அறையும் வேண்டும். கோப்பாய், மட்டக்களப்பு, கொட்டகலை முதலிய ஆசிரிய கலாசாலைகளிலே பயில்வோர், எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கப் பழகுவது போலவே, பிள்ளையின் முகவாட்டத்தைக் கண்டுபிடிக்கவும் பழகவேண்டும்.

எழுத்தாளருக்கும் ஒரு சொல். நாடக மேடையிலும் சிறுகதையிலும் சிரிப்புமூட்டுவதற்கென்றே ஒரு 'விசரனை' நடமாட விடும் வழக்கம் எமக்குள் இன்னும் உண்டு. அச்சிரிப்பைக் கேட்டுச் சபையின் நடுவே தலைகுனிந்திருக்கும் ஒரு தாய் இருப்பாள் என்பதை எழுதுவோர் நினைப்பாராக. அவளுக்குச் சொல் கொடுப்பதே இலக்கியத்தின் தொழில். அவளிடமுள்ள சொல்லையும் பறிப்பதன்று. சிறுவருக்கென எழுதுவோர், அச்சமும் துயரமும் வெட்கப்படத்தக்கன அல்ல என்பதை ஒரு கதையினாலேனும் உணர்த்துவாராயின், அக்கதை பல வைத்தியர் செய்யாததைச் செய்யும்.

இறுதியாக, இப்பகுதியின் வாசகருட் பெருந்தொகையினரான ஆசிரியரை நோக்கியே நான் பேச விரும்புகின்றேன். மேலே கூறியன யாவும் நடந்தேறப் பல்லாண்டுகள் ஆகலாம். நாளைக் காலையிலேயே நடக்கத்தக்கது ஒன்று உண்டு. அது உங்கள் கையிலே இருக்கின்றது. ஒரு பிள்ளை இரண்டு மூன்று வாரமாக முன்போல் இல்லையெனக் கண்டால், தாயை அழையுங்கள். "உம்முடைய பிள்ளைக்கு மூளை சரியில்லை" என்று சொல்லாதீர்கள். "பிள்ளை முன்போல் இல்லை அம்மா, நானும் கவனித்துக்கொண்டு வருகிறேன், நீங்களும் கண்டிருப்பீர்கள். காய்ச்சலுக்குக் காட்டுவது போல இதற்கும் காட்டலாம்" என்று சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தையும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எந்த வைத்தியசாலையில் எந்த நாள் கிளினிக் நடைபெறுகின்றது என்பதை விசாரித்து அறிந்து வையுங்கள். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பிள்ளை ஒரு வார்த்தை சொல்லினும், அதனை விளையாட்டென்று தள்ளாது அன்றே பெரியோரிடமும் வைத்தியரிடமும் சேர்ப்பியுங்கள். வைத்தியசாலைக்குச் சென்று மீண்ட பிள்ளையின் செய்தி, ஆசிரியர் ஓய்வறைப் பேச்சாகாமற் காத்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்குப் பட்டமும் வேண்டாம், பதவியும் வேண்டாம். ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சி வாசலிலே தயங்கி நிற்கும் தாய்க்கு, ஊரிலே மதிப்புள்ள ஒருவர் துணை நிற்கின்றார் என்னும் தைரியமே வேண்டும். எமது ஊர்களிலே அம்மதிப்பு இன்றும் ஆசிரியருக்கு உண்டு. அதனை அப்பிள்ளைகளுக்காகச் செலவிடுங்கள் என்று உங்களை வேண்டிக்கொள்கின்றேன்.